துறைமுக நகரின் இரு நாவல்களும் பாடும் மேடையும்

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் தொடக்கத்தில் மூன்று நூல்களைக் குறிப்பிடுவது வழக்கம். 1885 இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை', 1891 இல் எஸ். இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', 1895 இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' என்பன அவை. இம்மூன்றில் பின்னைய இரண்டையும் எழுதியவர்கள் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். நான்கே ஆண்டு இடைவெளியில் இந்தச் சிறிய துறைமுக நகரம் தமிழுக்கு இரு நாவலாசிரியர்களைத் தந்தது.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் இந்நாவல்களைப் பற்றி எழுத எமக்கு ஒரு காரணம் உண்டு. எம்மில் மிகப் பலர் கதைகளை முதலில் அறிந்தது நூலகத்தில் அன்று. கல்லூரி மண்டபத்தின் மேடையில்தான். பரிசளிப்பு விழாவுக்கும் தமிழ்த் தினப் போட்டிக்கும் பாடநூற் கதைகளை வெட்டியும் ஒட்டியும் நாடகமாக்கினோம். வெளியூர்க் கூத்துகளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலத்தில், எமது மேடையில் அரசனும் மந்திரியும் சேவகனும் பெண்களாகவே இருந்தனர். நாவல் ஒன்று எவ்வாறு மேடைக்கு ஏறுகிறது என்பது எமக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த விடயம். அதன் வரலாற்றைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலேறி வந்த கதை

ஊசோன், பாலந்தை என்ற பெயர்கள் ஓர்சன், வலன்டைன் என்னும் ஐரோப்பியப் பெயர்களின் தமிழ் வடிவங்கள். பிரெஞ்சு மொழியில் இக்கதை உரைநடை நூலாக 1489 இல் லியோன் நகரில் அச்சாயிற்று. பேரரசன் ஒருவனின் மனைவி பொய்ப்பழி சுமத்தப்பட்டு நாடு கடத்தப்படுகிறாள். காட்டில் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றனர். ஒரு குழந்தையைக் கரடி தூக்கிச் செல்கிறது. தாய் அதைத் துரத்தி ஓடிய வேளையில் மற்றக் குழந்தை அரசன் ஒருவன் கையில் அகப்பட்டு அரண்மனையில் வளர்கிறது. கரடி வளர்த்தவன் ஓர்சன். அரண்மனையில் வளர்ந்தவன் வலன்டைன். உறவு அறியாமல் இருவரும் மோதி, பின்னர் சகோதரர் எனத் தெளிந்து, தாயையும் அடைவதே கதை.

இக்கதை அச்சில் மட்டும் தங்கிவிடவில்லை. புரூகல் என்னும் ஓவியர் 1559 இல் வரைந்த திருவிழாக் காட்சியில் தெருவிலே மக்கள் ஓர்சன் நாடகம் ஆடுவதைக் காணலாம். லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் 1804 இல் தோமஸ் டிப்டின் இதனை இசையோடு கூடிய நாடகமாக்கினார். 1806 இல் புகழ்பெற்ற கோமாளி நடிகரான ஜோசப் கிரிமால்டி அதே அரங்கில் ஓர்சனாகத் தோன்றினார். காட்டில் வளர்ந்த ஓர்சனுக்குப் பேச்சுத் தெரியாது. ஏட்டில் பல பக்கங்களில் விளக்கவேண்டிய அவனுடைய நிலையை மேடையில் நடிகனின் உடல் ஒரு நொடியில் காட்டிவிடும். இக்கதை மேடைக்கு இலகுவாகப் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

இலங்கையில் இக்கதை கத்தோலிக்க மக்களிடையே பரவியது. தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்துகளிலும் சிங்கள நாடகம மரபிலும் இது ஆடப்பட்டது. அயல்நாட்டு அரசர் கதைகளைப் பாடி ஆடுவது இங்கு புதுமையன்று. மன்னாரில் ஆடப்பட்ட 'என்றீக்கு எம்பரதோர்' நாடகத்தின் பெயரிலேயே பேரரசன் என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் நிலைத்திருக்கிறது. ஆகவே எமது ஊரின் முதல் நாவல், மேடையோடு பிறந்த தொடர்புடைய ஒரு கதையின் நாவல் வடிவமாகும்.

நாவல் மேடையேறும்போது நேர்வது

நாவலை நாடகமாக்குதல் என்றால் சுருக்குதல் என்றே பலர் நினைக்கின்றனர். சுருக்குதல் அதில் சிறு பகுதிதான். நாவலில் கதை சொல்பவர் ஒருவர் இருக்கிறார். மனத்தில் ஓடுவதையும் முன்பு நடந்ததையும் அவர் எமக்குச் சொல்லிவிடுவார். மேடையில் அவர் இல்லை. அவர் செய்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதே நாடகமாக்குபவரின் முதற் கேள்வி.

உலகறிந்த உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். அலெக்சாந்தர் டூமாவின் மகன் 1848 இல் 'கமேலியாப் பெண்' என்ற நாவலை எழுதினார். அந்நாவல் கதாநாயகியின் மரணத்துக்குப் பிறகு, அவளது பொருட்கள் ஏலத்தில் விற்கப்படும் இடத்தில் தொடங்குகிறது. அவள் இறக்கும்போது காதலன் அருகில் இல்லை. அவள் எழுதிவைத்தவற்றைப் படித்தே அவளது கடைசி நாட்களை அறிகிறான். 1852 இல் டூமாவே அதனை நாடகமாக்கியபோது காதலனை அவளது மரணப் படுக்கைக்குக் கொண்டுவந்தார். நாட்குறிப்பு மேடையில் நிற்காது; இருவர் எதிரெதிரே நின்றால்தான் நாடகம். அடுத்த ஆண்டு, 1853 இல், வேர்டி அதனை 'லா திராவியாத்தா' என்ற ஒபெராவாக ஆக்கினார். ஒபெரா என்பது முற்றும் பாடி நடிக்கும் இசைநாடகம். பாடுவதற்குப் பேசுவதைவிட அதிக நேரம் வேண்டும். ஆகையால் சம்பவங்கள் மேலும் குறைந்தன. உணர்ச்சி நிறைந்த கட்டங்கள் நீண்டன. நாவலில் இறந்த பின்பே அறிமுகமான பெண், ஒபெராவில் தன் துயரத்தைத் தன் குரலாலேயே பாடுகிறாள்.

தமிழகத்திலும் நாவல்கள் இவ்வாறே மேடை கண்டன. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' டி. கே. எஸ். சகோதரர்களின் மேடையில் வெற்றிபெற்று, 1935 இல் திரைப்படமும் ஆயிற்று. புராணக் கதைகளையே பார்த்துப் பழகிய சபையோர், தம் வீட்டில் நடப்பது போன்ற கதைகளை மேடையில் காண நாவல்களே வழி திறந்தன.

கூத்தின் வழி

ஒபெராவை நாடி எமது மக்கள் வெளிநாடு போகவேண்டியதில்லை. முற்றும் பாடி ஆடும் அரங்கு எமது கொட்டியாரக் குடாவின் அக்கரையிலேயே உண்டு. சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர் முதலிய ஊர்கள் கூத்துக்குப் பேர்போனவை. கதைசொல்லியின் வேலையை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது என்ற கேள்விக்குக் கூத்து நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டது. அரசன் வருவதைக் கட்டியக்காரன் அறிவிப்பான். பாத்திரம் தன்னை யாரென்று வரவு விருத்தத்தில் தானே சொல்லும். மனத்தில் இருப்பது தருவாக வெளிவரும். ஆடுபவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதால், ஒருவரின் துயரம் களரி முழுவதற்கும் உரியதாகிறது. இடையில் வரும் வசனம் கதையை நகர்த்தும். நடப்பும் ஓட்டமும் மத்தளத்தின் தாளக்கட்டில் அடங்கிவிடும்.

இந்த வடிவத்தின் வலிமையைப் புதிய அரங்கு உணர்ந்த காலம் ஒன்று உண்டு. 1956 இல் எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபிலிருந்து 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை உருவாக்கினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' முதலாக மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் வந்தது. பாட்டும் ஆட்டமும் காக்கப்பட்டன.

ஆனால் கூத்து ஆட்களை நம்பி வாழ்வது. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடும் வயலும் போலவே களரியும் வெறுமையாயிற்று. கொப்பி ஒன்று மிஞ்சினாலும், அதைப் பாடிக் காட்ட அண்ணாவியார் வேண்டும். ஆடப் பிள்ளைகள் வேண்டும். நாவலின் நிலை வேறு: ஒரு பிரதி இருந்தால் நூறு ஆண்டுக்குப் பிறகும் படிக்கலாம். ஆயினும் படிப்பவர் இல்லாவிட்டால் அதுவும் மௌனந்தான். எமது ஊரின் இரு நாவல்களும் தேர்வுக்குப் பாடமாக்கும் பெயர்களாகச் சுருங்கிவிட்டன.

மோகனாங்கிக்கு ஒரு வரவு

'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. அதன் ஆசிரியர் சரவணமுத்துப்பிள்ளை 1865 இல் பிறந்து 1902 இல் மறைந்தவர். சென்னையில் கற்று அங்கே நூலகராகப் பணிபுரிந்தவர். நாவலுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1892 இல், பெண்களின் விடுதலையைப் பொருளாகக் கொண்டு 'தத்தை விடு தூது' என்ற நூலைப் பாடியவரும் அவரே. பெண்கள் கல்லூரி ஒன்றின் பழைய மாணவிகளாகிய எமக்கு அவர் அயலவர் அல்லர்.

நாவலின் களம் நாயக்கர் காலத்துத் தஞ்சையும் திருச்சியும். திருச்சியிலிருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டதும், அதனால் மூண்ட போரில் 1673 இல் தஞ்சை வீழ்ந்ததும் வரலாறு. அந்தப்புரப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையாயினர் என்றும் வரலாறு கூறுகிறது. பெண் கேட்டவரின் பெயரும் மறுத்தவரின் பெயரும் எல்லா நூல்களிலும் உண்டு. கேட்கப்பட்ட பெண்ணின் குரலை வரலாறு பதிந்து வைக்கவில்லை. நாவலுக்கு அவள் பக்கமாக மோகனாங்கி என்று பெயர் சூட்டியவர் எமது ஊரவர்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அதே விஜயராகவ நாயக்கரின் அரசவையில் ரங்காஜம்மா என்னும் பெண்புலவர் இருந்தார். 'மன்னாருதாச விலாசம்' என்னும் ஒரே பொருளைத் தெலுங்கில் காவியமாகவும், பாடி ஆடும் யக்ஷகானமாகவும் அவர் ஆக்கினார். படிக்கும் கதையை மேடைக்குரிய பாட்டாக்கும் கலை, மோகனாங்கியின் தஞ்சையில் ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

கூத்தில் முதலில் அரசன் கொலுவுக்கு வருவதே வழக்கம். 'மோகனாங்கி'யை எமது கல்லூரி மேடைக்குக் கொண்டுவருவதாயின், முதல் வரவு யாருக்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அது மோகனாங்கிக்கே உரியது என்பது எமது கருத்து. பெண் கேட்டு வந்த ஓலை சபையில் படிக்கப்படுவதற்கு முன்பே அவள் தன்னை யாரென்று பாடிவிட்டால், பின்னர் வரும் அரசரும் தூதரும் போரும் அவள் கண்வழியே எமக்குத் தெரியும். நாவலில் இல்லாத ஒரு தருவை அவளுக்காக எழுதவேண்டியும் வரலாம். அது நாவலுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. மேடை கேட்கும் கூலி அது.

பாட்டெழுதத் தெரிந்தவர்களும், இசையும் நடனமும் கற்பிக்கும் ஆசிரியைகளும் எமது சங்கத்தில் இருக்கின்றனர். அக்கரை அண்ணாவிமாரை அழைத்து வர ஒரு பகற் பயணம் போதும். கல்லூரியின் பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் நாவலைப் படித்து, அடுத்த தவணையில் ஆடட்டும். நூற்றாண்டு மலரை அலுமாரியில் வைத்துவிடலாம். வாயில் ஏறிய பாட்டை அப்படி வைத்துவிட முடியாது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்கள் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.