வீடற்றவர்களின் சொந்த ஊர்

1981ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி இரவு, தென் வேல்ஸில் அஸ்க் நதிக்கரையில் இருக்கும் நியூபோர்ட் நகரின் சோமர்ட்டன் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 18,000 பேர் கூடியிருந்தார்கள். ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் காலிறுதி, இரண்டாம் ஆட்டம். எதிரணி கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யேனா. இத்தாலியின் ரோமாவையும் ஸ்பெயினின் வலென்சியாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த அணி அது. நியூபோர்ட் கவுண்ட்டியோ இங்கிலாந்து லீகின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த, வெளியூரில் பலரும் கேள்விப்பட்டிராத கழகம். யேனாவில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டாமி டைனன் அடித்த கோலால் கணக்கு 2-2 என்று சமனாகியிருந்தது. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்பது அன்றைய விதி. ஆகவே சொந்த மைதானத்தில் கோலே விழாமல் ஆட்டம் முடிந்தாலும் நியூபோர்ட்டுக்கு அரையிறுதி உறுதி.

முதல் பாதியில் ஒரு ஃப்ரீ கிக். அது வலைக்குள் போனது. மிச்ச நேரம் முழுவதும் நியூபோர்ட் தாக்கிக்கொண்டே இருந்தது. யேனாவின் கோல்கீப்பர் கிராப்பன்டீன் தடுத்துக்கொண்டே இருந்தார். 0-1. யேனா இறுதியாட்டம் வரை சென்றது.

அந்த இரவுக்கு எட்டாண்டு நிறையச் சில வாரங்களே இருந்தபோது, 1989 பிப்ரவரி 27 அன்று, நியூபோர்ட் கவுண்ட்டி என்ற நிறுவனம் கடன் தீர்க்க வழியின்றிக் கலைக்கப்பட்டது. ஒரு கழகம் சட்டப்படி இறந்துபோனால் அதில் எது இறக்கிறது, எது மிஞ்சுகிறது என்ற கேள்விக்காகவே இந்தக் கதையை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். வெற்றிக் கதைகள் எழுதப் பலர் இருக்கிறார்கள்.

நியூபோர்ட் இரும்பாலும் நிலக்கரியாலும் வளர்ந்த துறைமுக நகரம். 1890களின் இறுதியில் லைசாட் நிறுவனம் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து தன் தொழிலை இங்கே கொண்டுவந்து ஓர்ப் எஃகு ஆலையை நிறுவியது. ஆலையோடு தொழிலாளர்களும் வந்தார்கள். 1912இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகத்தின் கறுப்பும் மஞ்சளும் கலந்த சீருடை அவர்கள் விட்டுவந்த ஊரின் அணியை நினைவுபடுத்துவது என்பார்கள். 'அயர்ன்சைட்ஸ்', அதாவது இரும்பு விலாக்காரர்கள், என்ற பட்டப்பெயரும் ஆலை தந்ததுதான்.

இரும்பு விலா அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1920இல் லீகில் சேர்ந்தார்கள். 1931இல் இடம் இழந்து மறு ஆண்டே மீண்டார்கள். 1939இல் மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் முதலிடம் பெற்று இரண்டாம் டிவிஷனுக்கு உயர்ந்தார்கள். அங்கே மூன்றே ஆட்டங்கள் ஆடினார்கள், உலகப் போர் வந்துவிட்டது. ஏழாண்டு காத்திருந்து மறுபடி அதே டிவிஷனில் களமிறங்கியபோது, 1946 அக்டோபரில் நியூகாசிலிடம் 13-0 என்று தோற்றார்கள். நியூகாசிலுக்காக அன்றுதான் முதன்முதலாக ஆடிய லென் ஷேக்கிள்டன் மட்டுமே ஆறு கோல் அடித்தார். விதி சிலரிடம் வேடிக்கை காட்டும்போது அளவு பார்ப்பதில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 1980இன் அருமை விளங்கும். அந்த ஆண்டு நான்காம் டிவிஷனிலிருந்து மேலேறியதோடு, ஷ்ரூஸ்பரியை வென்று வேல்ஸ் கோப்பையையும் முதன்முறையாகக் கைப்பற்றினார்கள். ஐரோப்பாவுக்கு வாசல் திறந்தது அந்தக் கோப்பைதான். பின்னாளில் லிவர்பூலில் புகழ்பெற்ற ஜான் ஆல்ட்ரிஜ் அப்போது இங்கே இளம் ஆட்டக்காரர்.

வீழ்ச்சியின் கதை நீளமானதல்ல. பணம் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் விற்கப்பட்டார்கள். 1987இல் ஒரு படி இறங்கினார்கள். 1988இல் 46 ஆட்டங்களில் 25 புள்ளிகளே பெற்று லீகை விட்டே வெளியேறினார்கள். அடுத்த பருவத்தை அவர்களால் முடிக்கவே முடியவில்லை. பாதியில் நின்ற ஓர் அணியின் ஆட்ட முடிவுகள் அட்டவணையிலிருந்து நீக்கப்படும். அப்படியே நீக்கப்பட்டன. அந்தக் குளிர்காலத்தில் மழையில் நின்று பார்த்த ஆட்டங்கள் ஏட்டளவில் நடக்கவேயில்லை என்று ஆனது. கலைப்பைவிடவும் இந்த அழிப்பே குரூரமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு கோடையில் ரசிகர்கள் கூடி நியூபோர்ட் ஏ.எஃப்.சி. என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பழைய பெயர் இல்லை, மைதானமும் இல்லை. முதல் பருவத்தில் அவர்களுடைய 'சொந்த' மைதானம் அமைந்த இடம் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் உள்ள மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்ற சிறு சந்தை ஊர். நியூபோர்ட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். சேர்ந்த லீகின் பெயர் ஹெலனிக் லீக். கிரேக்கம் பெயரில் மட்டுந்தான், எதிர்த்து ஆடியவை ஆக்ஸ்ஃபர்ட், க்ளாஸ்டர் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர் அணிகள். யேனாவின் கோல் வலையைப் பார்த்த கண்களால் சனிக்கிழமைதோறும் எல்லை தாண்டிப் போய் இதைப் பார்த்தார்கள். முதல் பருவத்திலேயே லீகை வென்றார்கள். 'எக்ஸைல்ஸ்', நாடுகடத்தப்பட்டவர்கள், என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. (இந்த ஊருக்கு நாடுகடத்தல் புதிதும் அல்ல. 1839இல் வாக்குரிமை கேட்டு சாசன இயக்கத்தார் இங்கே கிளர்ந்தெழுந்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். தலைவர் ஜான் ஃப்ராஸ்ட்டுக்கு மரண தண்டனை விதித்து, பின்னர் அதைக் குறைத்து டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் தாய்நாடு திரும்பியது 1856இல்.)

1990இல் சோமர்ட்டன் பார்க்குக்குத் திரும்பினார்கள். இரண்டே ஆண்டுகள். இம்முறை துரத்தியவர் கடன்காரர் அல்லர், வேல்ஸ் கால்பந்துச் சங்கமே.

சங்கத்தின் தரப்பையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். 1876இல் தோன்றிய அந்தச் சங்கத்துக்கு 1992 வரை தேசிய லீக் என்று ஒன்று இல்லை. வேல்ஸின் முக்கியக் கழகங்கள் எல்லாம் இங்கிலாந்தின் அமைப்புக்குள் ஆடிவந்தன. ஒரே அரசின் கீழுள்ள பிரிட்டனுக்கு நான்கு தேசிய அணிகள் ஏன் என்று உலகின் பிற நாடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. தனி லீக் கூட இல்லாத நாட்டுக்குத் தனி அணி எதற்கு என்று யாரேனும் கேட்டால் சங்கத்திடம் பதில் இல்லை. எனவே வேல்ஸ் லீக் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் ஆடிவந்த சிறு கழகங்கள் அதில் சேர வேண்டும், மறுத்தால் வேல்ஸ் மண்ணில் தம் ஆட்டங்களை நடத்தக் கூடாது என்று ஆணை பிறந்தது. கார்டிஃப், ஸ்வான்ஸீ, ரெக்ஸம் போன்ற பெரிய கழகங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த விலக்கில்தான் வாதம் ஓட்டையாகிறது. தேசிய மானம் பெரியவர்களைத் தொடுவதில்லை, சிறியவர்களிடம் மட்டும் கப்பம் கேட்கிறது. நியூபோர்ட் மறுத்தது. நான்காண்டுக்கு முன்புவரை கார்டிஃபோடு அதே லீகில் ஆடியவர்கள் அவர்கள். திரும்பிப் போக வேண்டிய இடம் அதுவே என்று நம்பினார்கள். மறுத்ததன் விலை, மறுபடியும் எல்லைக்கு அப்பால் க்ளாஸ்டரில் இரண்டு பருவங்கள். குடும்பத்தின் பெயரைக் காப்பதற்காகப் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியேற்றுவது போன்ற காரியம் இது. ஊரை விட்டு ஆடினால் கூட்டம் குறையும், வருமானம் குறையும், கழகம் மெல்லச் சாகும். மறுத்த பல கழகங்கள் ஒவ்வொன்றாக இறங்கிவந்ததில் வியப்பில்லை.

கடைசியில் நியூபோர்ட், கேர்னார்வன், கால்வின் பே ஆகிய மூன்று கழகங்கள் நீதிமன்றம் போயின. தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்பது அவர்கள் வழக்கு. 1994இல் இடைக்காலத் தடை கிடைத்து, நியூபோர்ட் ஊரின் ஓரத்திலிருந்த ஸ்பிட்டி மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. 1995இல் உயர் நீதிமன்றம் கழகங்களின் பக்கமே தீர்ப்பளித்தது. கேர்னார்வன் வழக்கில் வென்ற அதே ஆண்டில் வேல்ஸ் லீகில் சேர்ந்துகொண்டது. கால்வின் பே 2019இல் வேல்ஸ் அமைப்புக்கு வந்தது. கட்டளைக்கு மறுத்தவர்கள் விருப்பத்துக்கு இணங்கினார்கள். சங்கம் அதிகாரிகளாக நடந்துகொள்ளாமல் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

ஸ்பிட்டியில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை. பார்வையாளருக்கும் பந்துக்கும் நடுவே அகழி போன்ற வெற்றிடம். சோமர்ட்டன் பார்க் அதற்குள் இடிக்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. 1999இல் பழைய பெயர் திரும்பியது. 2012இல் அஸ்க் நதிக்கரை ரக்பி மைதானமான ராட்னி பரேடுக்குக் குடியேறினார்கள். கழகத்தின் தலைவர் அப்போது லாட்டரியில் 45 மில்லியன் பவுண்டு வென்றிருந்த லெஸ் ஸ்காடிங். நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

2013 மே 5, வெம்ப்ளி. எதிரே இன்னொரு வேல்ஸ் அணியான ரெக்ஸம். கடைசி ஐந்து நிமிடங்கள் வரை கோல் இல்லை. பிறகு ஜோலி ஒன்று, ஓ'கானர் ஒன்று. 25 ஆண்டுகளுக்குப் பின் லீகில் மீண்டும் இடம். 2015இல் ஸ்காடிங் விலக, ரசிகர்களின் அறக்கட்டளையே கழகத்தை ஏற்றது. 2017இல் மறுபடி வெளியேறும் விளிம்பு. கடைசி நாளில், 89ஆம் நிமிடத்தில் மார்க் ஓ'பிரையன் அடித்த கோல் காப்பாற்றியது. அன்றைய பயிற்சியாளர் மைக்கேல் ஃப்ளின் உள்ளூர்க்காரர். 2019இல் இவர்கள் எஃப்.ஏ. கோப்பையில் லெஸ்டரை 2-1 என வென்றார்கள்.

கழகத்துக்குப் பட்டப்பெயர் தந்த ஓர்ப் ஆலை, 2007இல் டாட்டா ஸ்டீல் வசம் வந்திருந்தது. லெஸ்டரை வென்ற அதே ஆண்டின் இறுதியில் அங்கே உற்பத்தி நின்றது. ஏறத்தாழ 380 வேலைகள் கேள்விக்குறியாயின. 2024 ஜனவரியில், உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த பிறகு, கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு ஸ்வான்ஸீயின் முன்னாள் தலைவர் ஹியூ ஜென்கின்ஸின் கைக்குப் போனது. அதே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் ராட்னி பரேடுக்கு வந்தது. இரண்டு கோல் பின்தங்கியிருந்த நியூபோர்ட், 2-2 என்று சமன் செய்து, பிறகு 4-2 என்று தோற்றது. ஊரின் நடுவே ஆடும் அந்த அணியை ரசிகர்கள் அன்றும் 'எக்ஸைல்ஸ்' என்றுதான் அழைத்தார்கள்.