வாங்கிய பொருள் யாருடையது?



வரலாறு என்றதும் போர்க்களமும் அரியணையும் கல்வெட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. வகுப்பறையில் நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்து வந்தேன். ஆயினும் நாம் நாள்தோறும் புழங்கும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. விளக்கு, வானொலிப் பெட்டி, கைப்பேசி, கார் ஆகியவற்றின் வரலாற்றை ஊன்றி நோக்கினால், ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம். விலை கொடுத்து வாங்கிய பின்பு ஒரு பொருள் யாருடையது? வாங்கியவருடையதா, செய்தவருடையதா?

நேற்று வரை விரைவாக இயங்கிய கைப்பேசி இன்று தள்ளாடுகிறது. நன்றாக இருந்த செயலி, ‘புதுப்பித்தால்தான் திறப்பேன்’ என்கிறது. புதுக் காரின் திரையில் ஒரு விளக்கு எரிகிறது. அதன் பொருள் உரியவருக்கும் தெரியவில்லை, தெருக்கோடி மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. இவற்றைச் சில்லறைத் தொல்லைகள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவை பெரும்பாலும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேர் எங்கே ஊன்றியது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டு ‘மாடல் டி’ என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927ஆம் ஆண்டு வரை அவ்வகைக் கார்கள் 1 கோடியே 50 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அக்கார் தொல்லையற்றது என்று யாரும் சொல்ல இயலாது. தொடக்க காலத்தில் அதைக் கிளப்ப, முன்புறம் உள்ள இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. எனினும் அதை வாங்கிய உழவர், ஒரு ஸ்பேனரும் திருப்புளியும் கொண்டு அதன் பெரும்பகுதியைத் தாமே பிரித்துப் பூட்டினார். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வாரை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் அதைப் பயன்படுத்தினார். ‘அவ்வாறு செய்யலாகாது’ என்று கார் மறுக்கவில்லை. வண்டி கைமாறியதும் செய்தவருக்கும் வண்டிக்கும் இருந்த பிடிப்பு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. தொல்லையும் உரியவருடையதே; அதைத் தீர்க்கும் ஆற்றலும் உரியவருடையதே.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில் மின்விளக்குக் குழுமங்கள் சில கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அக்கூட்டமைப்புக்கு ‘ஃபீபஸ்’ என்று பெயர். எந்த நாட்டுச் சந்தை எவருக்கு என்று அது பங்கிட்டது. அத்தோடு நில்லாமல், வீட்டு மின்விளக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்றும் வரையறுத்தது. அக்காலத்தில் 1,500 மணி முதல் 2,000 மணி வரை எரியும் விளக்குகள் இருந்தன. உறுப்புக் குழுமங்கள் தம் விளக்குகளின் மாதிரிகளைச் சோதனைக் கூடத்திற்கு அனுப்ப வேண்டும். குறித்த காலத்துக்கு மிகுதியாக எரிந்தால் தண்டம் கட்ட வேண்டும். நன்றாக உழைத்த குற்றத்திற்காகத் தண்டம்! இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அக்கூட்டமைப்பு குலைந்தது.

வரலாறு கற்போர் இருபுறமும் கேட்டல் வேண்டும். நெடுநேரம் எரியும் விளக்கில், செலவாகும் மின்சாரத்திற்கேற்ற ஒளி குறையும். ஆகவே 1,000 மணி என்பது நடுத்தரமான அளவே என்று உற்பத்தியாளர் வாதிட்டனர். 1951ஆம் ஆண்டு பிரிட்டனின் ஏகபோக ஆய்வுக் குழுவும் இதில் ஓரளவு உண்மை இருப்பதை ஏற்றது. அறிவியல் வாதம் அறவே பொய் அன்று. ஆனால் குறைந்த ஒளியும் நீண்ட ஆயுளும் வேண்டுமா, மிகுந்த ஒளியும் குறுகிய ஆயுளும் வேண்டுமா என்று தேர்ந்துகொள்ள வேண்டியவர் யார்? காசு கொடுப்பவர் அல்லரோ? அவரைக் கேளாமலே, அவர் அறியாமலே, ஜெனீவாவில் அத்தேர்வு முடிந்துவிட்டது. இதுவே கவனிக்கத்தக்கது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் வால்வு வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தும் வழக்கம் அன்று உண்டு. பின்னாளில் அது நீக்கப்பட்டது. கட்டணம் இன்னது, கட்டும் இடம் இன்னது என்பது வெளிப்படை. பெட்டி ஊமையானால் கடைத்தெரு ரேடியோ மெக்கானிக்கிடம் தூக்கிச் செல்வோம். அவர் பின்புற அட்டையைக் கழற்றுவார், எரியாத வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுவார், தூசியை ஊதித் தள்ளுவார், பாட்டு வந்துவிடும். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். பெட்டியைத் திறக்கலாம் என்னும் நிலையே அவருக்குக் கல்லூரியாயிற்று. எத்தனையோ இளைஞர் அவ்வாறு பின்புற அட்டையைக் கழற்றியே தொழில் கற்றனர்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். அதில் உள்ள லித்தியம் அயனிப் பேட்டரி, மின்னேற்றி மின்னேற்றிப் பயன்படுத்தும்தோறும் வலிமை குன்றுவது. இது வேதியியல், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாதிருக்க, மென்பொருள் வழியே அவற்றின் வேகத்தைக் குறைத்து வந்ததாக ஆப்பிள் குழுமம் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் மீளும் என்பதை அறியாத பலர், போனே கிழமாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கினர். பின்னர் அக்குழுமம் வருத்தம் தெரிவித்து, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனாளருக்குத் தக்கவாறு அறிவிக்கவில்லை என்னும் குற்றத்திற்காக 2020ஆம் ஆண்டு பிரான்சு அரசு 2 கோடியே 50 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. காரணம் நல்லதாகவே இருக்கலாம். உரியவருக்குச் சொல்லாமல் செய்ததே குற்றமாயிற்று.

என் கைப்பேசிக்கும் இத்தகைய முதுமை வந்தது. கீறல் இல்லை, உடைவு இல்லை. ஆயினும் நான் நாள்தோறும் பயன்படுத்திய செயலி ஒன்று, ‘இக்கருவியில் இனி இயங்காது’ என்று ஒரு நாள் அறிவித்தது. பேட்டரியையாவது மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்கார இளைஞர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், பேட்டரியைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பிரிக்கும்போது திரை விரிந்தாலும் விரியும். பொறுப்பு உங்களுடையது” என்றார். அவரிடம் திறமை இல்லாமலில்லை. நுண்ணிய கருவிகளும் வைத்திருந்தார். திறக்கத்தக்க பொருள்தான் அவருக்குக் கிட்டவில்லை. ரேடியோ மெக்கானிக்கின் வழித்தோன்றலைச் செய்தவர்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டனர் என்று எனக்குத் தோன்றியது.

காரின் கதையோ இன்னும் விரிவானது. இக்காலக் கார்கள் பல, தொலைபேசி வலையின் வழியே செய்த குழுமத்தோடு எந்நேரமும் தொடர்புகொண்டிருக்கின்றன. விற்ற பின்பும் ஒரு கயிறு விற்றவர் கையில் இருக்கிறது எனலாம். 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் செரோக்கி வண்டி ஒன்றைப் பல மைல் தொலைவில் இருந்தே இணையம் வழியாக வேகம் இழக்கச் செய்து காட்டினர். அதன் விளைவாக 14 லட்சம் வண்டிகள் திருத்தத்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டன. கயிறு என்று ஒன்று இருந்தால், அயலாரும் அதைப் பற்றி இழுக்கக்கூடும் என்பது அன்று விளங்கிற்று.

2022ஆம் ஆண்டு அந்நாட்டில் மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி வலை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பிய பழைய கார்கள் பலவற்றில், விபத்து நேர்ந்தால் தானே உதவி கோரும் வசதி அற்றுப்போயிற்று. வண்டியில் பழுது ஏதுமில்லை. கயிறு அறுந்தது, அவ்வளவே. அதே ஆண்டு பி.எம்.டபிள்யூ குழுமம், தென்கொரியா முதலிய சில நாடுகளில், இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதக் கட்டணம் அறிவித்தது. சூடாக்கும் கம்பி இருக்கையில் முன்னமே பொருத்தப்பட்டிருந்தது. காசு கட்டினால் இயங்கும், கட்டாவிடில் உறங்கும். எதிர்ப்பு மிகவே, 2023ஆம் ஆண்டு அத்திட்டத்தைக் குழுமம் கைவிட்டது.

இக்கயிறு முழுதும் தீமை என்று நான் கூற வரவில்லை. களவு போன கைப்பேசியைத் தொலைவில் இருந்தே பூட்டவும், காரின் பிழையைப் பணிமனைக்குக் கொண்டு செல்லாமலே திருத்தவும் அது உதவுகிறது. இறுக ஒட்டிய கைப்பேசி நீரைத் தாங்குகிறது. கயிறு இருப்பதை வாங்குபவர் அறிவாரா, வேண்டாவிடில் அவர் அவிழ்க்க இயலுமா என்பனவே கேள்விகள்.

மக்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் வரலாறு பதிந்துள்ளது. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், கார்களைப் பழுதுபார்க்க வேண்டிய தகவல்களை வெளிப் பணிமனைகளுக்கும் கொடுத்தல் வேண்டும் என்று வாக்களித்தனர். 2020ஆம் ஆண்டு, கம்பியில்லாத் தொடர்பின் வழியே செல்லும் தகவல்களுக்கும் அவ்வுரிமையை விரித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு இயற்றிய விதி, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும் வகையில் அமைத்தல் வேண்டும் என்று கூறி, அதற்கு 2027 பிப்ரவரி 18ஆம் நாளை வரையறுத்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத்துறை 2022ஆம் ஆண்டு டிசம்பரில், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. உழவுக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு மின்கருவிகள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள்; சிலர் சட்டம் இயற்றும் இடத்திற்கும் செல்லக்கூடும்; எல்லோரும் பொருள் வாங்குவீர்கள். கடையில் நிற்கும்போது விலையையும் பகட்டையும் மட்டும் பாராதீர்கள். இதைத் திறக்க முடியுமா? உதிரிப் பாகம் கிட்டுமா? எத்தனை ஆண்டுகள் இதற்கு மென்பொருள் வழங்குவீர்கள்? இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தாலும் கவலையில்லை. பலர் கேட்கக் கேட்க, அவர் விற்பனையாளரைக் கேட்பார். விற்பனையாளர் செய்தவரைக் கேட்பார். மேலே சொன்ன சட்டங்கள் பிறந்ததில், தம் பொருளைத் தாமே திறக்க விரும்பிய எளிய மக்கள் கேட்ட கேள்விகளுக்கும் பங்கு உண்டு.