பரத்பூர்ச் சதுப்பும் எருமை மந்தையும்

பனிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து வந்திறங்கும் நீர்ப்பறவைகளுக்கு எந்த நீர்நிலை உகந்தது என்பதை, நீரின் ஆழம், புல்லின் அடர்த்தி, ஊர் இருக்கும் தூரம் முதலியவற்றைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்து நிர்ணயிக்கும் சாஸ்திரம் இன்று வெகுவாக வளர்ந்திருக்கிறது. ஆயினும், அப்படங்களில் எளிதில் அகப்படாத ஒரு சரித்திரம் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் உண்டு.

அங்குள்ள கேவலாதேவ் சதுப்பு, இயற்கை மட்டுமே அமைத்துத் தந்ததன்று. வெள்ளம் வந்து தங்கும் அப்பள்ளத்தின் அருகே பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மகாராஜா அஜான் அணையை எழுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் வாத்து வேட்டைக்கென்றே கரைகளும் மதகுகளும் கட்டி, நீரைப் பகுதி பகுதியாகத் தேக்கினார்கள். 1938 நவம்பர் 12-ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபுவும் அவருடைய விருந்தினரும் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. கேவலாதேவராகிய சிவபெருமானின் கோயிலருகே கல்லில் பொறித்து நிற்கும் அந்தக் கணக்கு, நினைக்கும்தோறும் நெஞ்சைப் பதைக்கச் செய்வது. எனினும், அந்தக் கொடிய விநோதத்தை முன்னிட்டே சதுப்பில் நீர் பேணப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வேட்டைக்காரர் வந்து போனார்கள். சுற்றுக் கிராமத்தாரின் எருமைகளோ தலைமுறை தலைமுறையாக அங்கேயே மேய்ந்தன. 1956-இல் சரணாலயமான அவ்விடம் 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார்மீது போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. பறவைகளின் நன்மைக்கென்று விதித்த தடைதான் அது. ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பத்தாண்டுக் காலம் அங்கே தங்கி ஆராய்ந்து கண்ட உண்மை வேறாக இருந்தது. எருமை, வயிறளவு நீரில் இறங்கிப் புல்லைப் பற்றியிழுத்துத் தின்று, குளம்பால் சேற்றை மிதித்துக் கலக்கி, இடையிடையே புல் மூடாத நீர்ப்பரப்பை உண்டாக்கி வந்திருக்கிறது. அது வெளியேறியபின் ஒருவகை நீர்ப்புல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, வாத்துகள் நீந்தவும் மீன்கள் உலவவும் இருந்த இடத்தை மூடிவிட்டது.

ஓப் நதிப் பிரதேசத்திலிருந்து ஆப்கானிஸ்தானத்தின் வழியாகப் பறந்து வந்த சைபீரியப் பெருங்கொக்கின் கதி இன்னும் துயரமானது. தும்பை நிறச் சிறகும் சிவந்த முகமும் கொண்ட அப்பறவை, ஆழமில்லாத நீரில் நின்று, அலகைச் சேற்றில் புதைத்துக் கோரைக்கிழங்கைக் கிளறியெடுத்து உண்ணும்; நீர் ஆழமானாலும் புல் அடர்ந்தாலும் அதற்கு அவ்விடம் ஆகாது. 1960-களில் இருநூறு வரை வந்த இக்கொக்குகள் குன்றியதற்கு வழிநெடுகிலும் நடந்த வேட்டையே முதற்காரணமென்று நான் கருதுகிறேன். புல்லின்மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. 2002-க்குப் பின் அவை அங்கே வரவில்லை.

அதன்பின், சதுப்புக்கு வரவேண்டிய நீர் ஆற்றின் மேற்புறத்திலுள்ள பாஞ்சனா அணையிலேயே நின்றுவிட, வறண்ட சதுப்பில் சீமைக்கருவேலம் புகுந்தது. அதை வேரோடு பிடுங்கவும் விறகை எடுத்துக்கொள்ளவும் நிர்வாகத்தார் கூவியழைத்தது, ஒருகாலத்தில் எருமைகளோடு வெளியே நிறுத்தப்பட்ட அந்தக் கிராமத்தாரைத்தான்.