எம்1 தலைக்கவசம்

எம்1 தலைக்கவசம் என்பது ஐக்கிய அமெரிக்கப் படைகள் 1941 முதல் 1980கள் வரை பயன்படுத்திய போர்த் தலைக்கவசம் ஆகும். இது மாங்கனீசு எஃகாலான வெளிக்கூடு, அதனுள் பொருந்தும் உட்கூடு (லைனர்) என இரு பகுதிகளைக் கொண்டது. இவை எளிதில் பிரியக்கூடியவை. படைவீரர்களும் பின்னாளில் விற்பனையாளர்களும் இவற்றை மாற்றிப் பொருத்தினர. எனவே ஒவ்வொன்றின் காலத்தையும் தனித்தனியே கணிக்க வேண்டும்.

வெளிக்கூடு

இரண்டாம் உலகப் போரின்போது மெக்கார்டு, ஷ்லூட்டர் ஆகிய நிறுவனங்கள் 2 கோடிக்கும் மேற்பட்ட கூடுகளைத் தயாரித்தன. முன்விளிம்பின் உட்புறத்தில் எஃகுத் தொகுதி எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஷ்லூட்டர் கூடுகளில் 'எஸ்' என்ற எழுத்தும் காணப்படும். தொடக்ககாலக் கூடுகளில் தாடைப்பட்டை வளையங்கள் அசையாதவை. 1943 முதல் அசையும் வளையங்கள் பொருத்தப்பட்டன. விளிம்புப் பட்டியின் இணைப்பு 1944 இன் பிற்பகுதியில் முன்புறத்திலிருந்து பின்புறத்துக்கு மாற்றப்பட்டது.

உட்கூடு

முதலில் ஹாலி நிறுவனத்தின் அழுத்திய நாராலான உட்கூடுகள் வழங்கப்பட்டன. அவை ஈரத்தைத் தாங்காததால், பிசின் ஊட்டிய பருத்தித் துணியாலான உட்கூடுகளை வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன் முதலிய நிறுவனங்கள் தயாரித்தன. இவற்றின் உச்சியின் உட்புறத்தில் நிறுவன முத்திரை இருக்கும்.

மதிப்பு

அசையா வளையமும் ஹாலி உட்கூடும் உள்ளவை கூடுதல் விலை பெறுகின்றன. வான்குடை வீரர்களின் தலைக்கவசங்கள் மிக அரியவை. ஆதலால் சாதாரணக் கூடுகளில் வேறு வளையங்களைப் பற்றவைத்துப் போலிகள் செய்யப்படுகின்றன. போர்க்காலப் பூச்சில் தக்கைத்தூள் கலந்திருந்தது. அழகுக்காக மீண்டும் வண்ணம் பூசினால் இச்சான்று மறைந்து, மதிப்பும் குறையும்.