பீர் விற்கும் கடைக்கு ஏன் ஹோட்டல் என்று பெயர்?

நம்மூரில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. ஆஸ்திரேலியாவில் ஹோட்டல் என்றால் பீர். தெருமுனையில் பெரிய எழுத்தில் ஹோட்டல் என்று பெயர் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பார் கவுன்ட்டர். பலவற்றில் தங்க அறையே கிடையாது. பிறகு எதற்கு அந்தப் பெயர்?

அறையும் உள்ள ஒன்றிலிருந்து தொடங்கலாம். சிட்னியில் மில்லர்ஸ் பாயின்ட் என்ற துறைமுகப் பகுதியில், கென்ட் தெருவும் ஆர்கைல் தெருவும் சந்திக்கும் முனையில் லார்ட் நெல்சன் ஹோட்டல் நிற்கிறது. வில்லியம் வெல்ஸ் என்ற பூச்சு வேலைக்காரரின் வீடு அது. 1841ல் மது விற்க உரிமம் வாங்கினார். 1980களில் புதுப்பித்து, கீழேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். மேலே தங்கும் அறைகள், பூசாத மணற்கல் சுவரோடு. கட்டினவரோ பூச்சுக்காரர்!

சிட்னியிலேயே பழைய பப் இதுதானா என்று கேட்டால் சண்டை வரும். பக்கத்து ராக்ஸ் பகுதியில் இருக்கும் ஃபார்ச்சூன் ஆஃப் வார் தன் வரலாற்றை 1828லிருந்து கணக்கிடுகிறது. ஆனால் இப்போதுள்ள அதன் கட்டடம் 1920களைச் சேர்ந்தது. வயது உரிமத்துக்கா, சுவருக்கா? என் ஓட்டு சுவருக்குத்தான்.

சரி, பெயருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் மது உரிமம் சும்மா தரமாட்டார்கள். ஊர் விட்டு ஊர் போகிறவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் தர வேண்டும் என்று நிபந்தனை. சத்திரம் நடத்துகிறவருக்குத்தான் சாராயம் விற்கும் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதனால் பீர் மட்டும் விற்க நினைத்தவரும் மாடி எழுப்பிக் கட்டில் போட வேண்டியிருந்தது. கடை மூடிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும், அங்கே தங்கியிருப்பவருக்கும் 'உண்மையான பயணி'க்கும் மட்டும் மது தரலாம் என்று ஒரு சலுகை வேறு. ஒரு கிளாஸ் பீருக்காகப் பக்கத்து ஊர் வரை பயணியாகப் போனவர்கள் உண்டு.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது 1916. அந்தப் பிப்ரவரியில் சிட்னிக்கு வெளியே முகாமிட்டிருந்த படைவீரர்கள், பயிற்சி நேரத்தைக் கூட்டியதற்காக முரண்டு பிடித்து, வழியிலிருந்த பப்களைச் சூறையாடிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்குக் கட்சிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஜூனில் வாக்கெடுப்பு நடந்தது. பார்கள் மாலை 6 மணிக்கே மூட வேண்டும் என்று ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

குடி குறைந்ததா என்றால், ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துக்கொண்டது என்பதுதான் சரி. 5 மணிக்கு வேலை விட்டதும் ஓட்டம். முண்டியடித்து, நின்றபடியே, 6 மணிக்குள் எத்தனை கிளாஸ் உள்ளே தள்ள முடியுமோ அத்தனை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிக்ஸ் ஓ கிளாக் ஸ்வில்'. ஸ்வில் என்றால் பன்றித் தொட்டியில் ஊற்றும் கழுநீர். கூட்டம் நிற்க இடம் வேண்டுமே? சாப்பாட்டு அறை, பில்லியர்ட்ஸ் அறையெல்லாம் இடித்துக் கவுன்ட்டரை நீட்டினார்கள். கழுவிவிடச் சுலபமாகச் சுவரில் டைல்ஸ் ஒட்டினார்கள். பழைய பப்களில் அந்த டைல்ஸை அழகுக்காக ஒட்டியது என்று நினைத்துப் படமெடுக்கிறோம்! பெண்களுக்கோ இந்தப் பாரில் இடமில்லை. தனி அறையில் உட்கார வேண்டியதுதான். இத்தனைக்கும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பல பப்களின் உரிமம் பெண்கள் பெயரில் இருந்தது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இது 39 வருஷம் ஓடியது. 1954ல் மறுபடி வாக்கெடுப்பு; மயிரிழையில் ஜெயித்து, 1955 பிப்ரவரியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்தார்கள். ஆனால் இடித்த சாப்பாட்டு அறைகள் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. மோட்டல்கள் பெருகியதும் மாடி அறைகளைத் தேடி வருவோரும் குறைந்தார்கள். 1997ல் அந்த மாநிலத்துப் பப்களுக்குச் சூதாட்ட இயந்திரம் வைக்க அனுமதி கிடைத்தது. பல இடங்களில் வருமானமே அதில்தான்.

இன்று கட்டில் போடு என்று சட்டம் வற்புறுத்துவதில்லை. அதனால்தான் லார்ட் நெல்சன் மாதிரி இடத்தில் அறை எடுத்து, கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் படுப்பது எனக்கு விசேஷமாகப் படுகிறது. போகிறவர்களுக்கு ஒரு யோசனை: சீக்கிரம் தூங்குகிற ஆளாக இருந்தால் பாருக்கு நேர் மேலே இல்லாத அறையாகக் கேட்டு வாங்குங்கள்.