ஆமை நடை (சென்னை)

ஆமை நடை: சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் கூடுகளை இரவில் நடந்து தேடிக் காக்கும் இளைஞர் பங்கேற்புப் பணி. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையினரும் தொடங்கினர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இதனை நடத்திவருகிறது.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான கரையில் தன்னார்வலர்கள் நள்ளிரவு தாண்டியும் நடக்கின்றனர். அலை விளிம்பிலிருந்து மேலேறித் திரும்பும் துடுப்புத் தடமே முதல் அடையாளம். தடம் முடியும் இடத்தில் மெல்லிய கோலால் மணலைக் குத்திப் பார்ப்பர். இறுகிய மணலுக்கு நடுவே கோல் சட்டென இறங்கினால் அதுவே கூடு. ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழக் குடுவை வடிவக் குழியில் சுமார் நூறு முட்டைகள் இருக்கும். நாய்களுக்கும் திருடர்களுக்கும் தப்ப, அவற்றைத் துணிப்பையில் பொரிப்பகத்துக்குக் கொண்டுசென்று, அதே வடிவக் குழியில் புதைப்பர். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பமே அவற்றின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஒளிமிக்க திசை நோக்கி நகரும் இயல்புடைய குஞ்சுகளைத் தெருவிளக்குகள் வழிதவறச் செய்கின்றன.

கூடு காப்பது மட்டும் போதாது. இழுவலையில் சிக்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கில் 2025 ஜனவரியில் இக்கரையில் இறந்து ஒதுங்கின. இவ்வினம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வனத்துறையும் தனியே பொரிப்பகங்களை நடத்துகிறது.