பேரில்லாத காமாலை

மைசூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில் குண்டலுபேட்டையில் இறங்கிக் காபி குடிக்காத நம்மவர்கள் குறைவு. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, பின்பு சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்த ஊர் அது. ராணுவத்தில் பணி முடித்த என் தாய்மாமா 1992இல் அங்கேதான் மளிகைக்கடை வைத்தார்.

1978இல் வடக்கே பணியில் இருந்தபோது விபத்தில் அடிபட்டு, அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். சில வாரங்களில் கண் மஞ்சளாயிற்று. மருத்துவ ஏட்டில் ஒரே வரி: 'காமாலை, குணமாயிற்று.' 1998இல் கால் வீங்கிப் பரிசோதித்தபோது 'ஹெபடைடிஸ் சி' என்றார்கள். ஊன ஓய்வூதியம் கேட்டு எழுதினார். பணியால் வந்த நோய் என்பதற்குச் சான்று இல்லை என்று பதில் வந்தது.

"பேர் வைக்காத பிள்ளைக்கு பர்த் சர்ட்டிபிகேட் கேக்கறாங்கப்பா!" என்பார் மாமா.

அவர் சொன்னது சரித்திர உண்மை. ஏ, பி வைரஸ்களைக் கண்டறிந்த பின்னும் பிடிபடாத காமாலையை 1970களில் 'ஏயும் அல்ல, பியும் அல்ல' என்றே மருத்துவ உலகம் அழைத்தது. சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989இல். அதற்கான நோபல் பரிசு வந்தது 2020இல். நம் நாட்டு ரத்த வங்கிகளில் அதற்கான சோதனை கட்டாயமானது 2001இல்தான். அப்படியிருக்க, 1978இல் ஒரு ராணுவ டாக்டர் என்னதான் எழுதியிருக்க முடியும்?

இனி விதியைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைப்படி, நோய் பணியால் வந்திருக்க வேண்டும் அல்லது பணியால் முற்றியிருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். பணி முடிந்தபின் தலைகாட்டும் நோய்க்கும் 1982ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுத்தன. ஆனால் அதன் வித்து பணிக்காலத்தில் விழுந்தது என்று மருத்துவரீதியாக நிறுவ வேண்டும். ஈரலோ பல ஆண்டுகள் வாய் திறக்காத உறுப்பு. மாமாவின் வழக்கு அங்கேதான் மாட்டிக்கொண்டது.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால், வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். மறுப்பவர்களே காரணம் காட்ட வேண்டும். சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்றது. அது வலிப்பு நோய் வழக்கு. மாமாவுக்கு அது உதவியிருக்குமா என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. 2009இலேயே அவர் போய்விட்டார்.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துள்ளன. எந்த விதியானாலும் ஏடு பேசினால்தான் வழக்கு நிற்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தால், அவருடைய டிரங்குப் பெட்டியிலுள்ள மருத்துவக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மாமாவிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.